மூன்று கொப்பிகள்

சுயதொழில் பயிற்சிக்கு வரும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உத்தியோகமும் பார்த்து, கைத்தொழிலும் செய்து, சங்க வேலைக்கும் ஓடுற ஆக்கள் இருக்கினம். அவைக்கு மட்டும் என்னெண்டு நேரம் கிடைக்குது?"

நேரத்தைத் திட்டமிட வேண்டும் என்று பதில் சொல்லிவந்தேன். அந்தப் பதில் போதாது என்பதை எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அக்கா யாழ்ப்பாணத்தில் அரச சட்ட உதவி நிலையமொன்றில் கடமையாற்றுகிறார். பணம் கொடுத்துச் சட்டத்தரணியை அமர்த்த முடியாதவர்களுக்காக வழக்காடும் இந்த ஏற்பாடு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டத்தின் மூலம் வந்தது. அவரிடம் வருபவர்களில் அதிகமானோர் பெண்கள். தாபரிப்பு, விவாகரத்து, 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு துயரத்தோடு வருவார்கள்.

சனி, ஞாயிறுகளில் அவர் வீட்டு விறாந்தை பனையோலையால் நிறைந்திருக்கும். அம்மம்மாவிடம் பழகிய கைவேலை. ஓலையை வார்ந்து, சாயமிட்டு, கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் சிறு பெட்டிகள் இழைப்பார். மிஞ்சும் ஓலைத் துண்டுகளில் வாழ்த்து அட்டைகளும் செய்வார். அயலில் நான்கு பெண்கள் பெட்டிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு அவருக்கு இழைத்துக் கொடுத்தார்கள். இவற்றோடு ஊர் மாதர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். போயா விடுமுறை நாட்களில் சங்கக் கட்டடத்தில் சட்ட விளக்கம் சொல்வார்.

அரச உத்தியோகத்தில் இருப்பவர் என்பதால் தொழிலைத் தொடங்குமுன் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி பெற்றார். வியாபாரப் பெயரையும் பிரதேச செயலகத்தில் பதிந்தார். "அம்பது பெட்டி விக்கிறதுக்கு ஏன் இவ்வளவு கடதாசி எண்டு சனம் சிரிச்சது. ஒருநாளைக்கு ஆரும் கேட்டால் காட்ட வேணுமெல்லே" என்றார்.

இவ்வளவு கவனமானவருக்கும் ஒரு சிக்கல் வந்தது. அதற்குக் காரணம் நான்.

கணவன் விட்டுச் சென்ற ஒரு பெண்ணை, இரண்டு பிள்ளைகளோடு, அக்காவின் அலுவலகத்துக்கு நான்தான் அழைத்துச் சென்றேன். தாபரிப்பு வழக்குப் போடப்பட்டது. தவணைக்குத் தவணை நாட்கள் போக, அந்த வீட்டில் அடுப்பெரியச் சிரமமாயிற்று. அவருக்கு ஓலை வேலை தெரியும் என்றறிந்து, அக்காவுக்கு இழைத்துக் கொடுக்கும் பெண்களில் ஒருவரிடம் சொல்லி அவரையும் சேர்த்துவிட்டேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்திருந்தேன்.

மாத முடிவில் கூலிக் கணக்கை எழுதும்போதுதான் அந்தப் பெயர் அக்காவின் கண்ணில் பட்டது. அன்றிரவே என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, நீ செய்தது பிழையெண்டு சொல்ல மாட்டன். ஆனால் இனி அவவின்ரை வழக்கிலை நான் நிக்கேலாது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தன்னைத் தானே பராமரிக்க இயலாத வாழ்க்கைத் துணைக்கே தாபரிப்புக் கேட்கலாம். ஆகவே அந்தப் பெண்ணின் வருமானம் நீதிமன்றில் கேள்வியாக வரும். அந்தக் கூலியைக் கொடுப்பவரே அவருடைய சட்டத்தரணி என்றால், வழக்காட வேண்டியவர் சாட்சி சொல்ல வேண்டியவராகிவிடுவார். மறைத்தால் அது இன்னும் பெரிய பிழை.

அக்கா மறுநாளே மேலதிகாரியிடம் விடயத்தைச் சொல்லி, கோவையை வேறொரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்தார். அதனால் ஒரு தவணை பிந்தியது. "அக்காவும் எங்களைக் கைவிட்டிட்டா" என்று அந்தப் பெண் என் முன்னால் அழுதார். அவரைத் தேற்ற என்னிடம் வார்த்தை இருக்கவில்லை.

புதிய சட்டத்தரணி ஓலை வேலையால் கிடைத்த கூலியை மறைக்காமல் மன்றில் சொன்னார். தாய்க்குச் சிறிது வருமானம் உண்டென்பதால் தகப்பனுக்குப் பிள்ளைகள் மீதுள்ள கடமை இல்லாமற் போகாது. பிள்ளைகள் இருவருக்கும் மாதாந்தம் பணம் செலுத்தும்படி நீதவான் கட்டளையிட்டார். தனக்கென அந்தப் பெண் கேட்ட தொகை குறைவாகவே கிடைத்தது.

அதன் பிறகு அக்கா மூன்று கொப்பிகள் வைத்திருக்கிறார். ஒன்றில் வழக்குத் தவணைகள். ஒன்றில் ஓலை வேலையின் வரவு, செலவு, கூலி. தன் உழைப்புக்கும் கூலி போட்டே பெட்டியின் விலையை எழுதுகிறார். மற்றதில் சங்க வேலைகள். புதிய பெயர் ஒன்றை எழுதுமுன் மற்ற இரண்டையும் புரட்டிப் பார்ப்பார். ஒரே பெயர் இரண்டு கொப்பியில் வந்தால், எதில் நிற்பது, எதை விடுவது என்று முதலிலேயே தீர்மானிப்பார். சங்கக் கூட்டத்தில் வழக்கைப் பற்றிக் கேட்பவர்களையும் அலுவலகத்துக்கே வரச் சொல்கிறார்.

கொப்பியில் இல்லாத நாலாவது வேலை ஒன்றும் இருந்தது. சமையல், துவையல், பிள்ளையின் பாடம். இரவு பன்னிரண்டு மணிக்கு ஓலைக்குச் சாயம் காய்ச்சிவிட்டு, காலை நாலரைக்கு அடுப்பு மூட்டியவர் அவர். ஒருநாள் நீதிமன்றப் படியில் தலைசுற்றி உட்கார்ந்த பின்புதான் வீட்டில் பேசினார். இப்போது காலைச் சமையல் கணவருடையது. உடுப்புத் தோய்ப்பது மகனுடையது. வாழ்த்து அட்டை வேலையை அக்கா நிறுத்திவிட்டார். "விருப்பமான வேலைதான். ஆனால் நித்திரையை வித்து அட்டை செய்யேலாது" என்றார்.

அந்தப் பெண் இப்போது தானே கட்டளை எடுத்துப் பெட்டி இழைக்கிறார். மாதர் சங்கத்துக்கும் வருகிறார். அக்காவோடு கதைக்கச் சில மாதங்கள் எடுத்தன.

இப்போது பயிற்சிக்கு வரும் பெண்களிடம் நேரத்தைப் பற்றி மட்டும் நான் பேசுவதில்லை. இரண்டு, மூன்று பொறுப்புகளைச் சுமக்கும் சகோதரிகளே, நீங்களும் ஒரு கொப்பியை எடுத்து எழுதிப் பாருங்கள். எந்த இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன? உங்கள் நல்லெண்ணம் யாருக்காவது இடைஞ்சலாக வரக்கூடுமா? வீட்டு வேலையில் எதை இன்றே இன்னொருவரிடம் கொடுக்கலாம்? என் கொப்பியின் முதற் பக்கத்தில், உதவி செய்யுமுன் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.