ஒரகடத்துக்கு ஓர் ஆள் வேண்டும்

தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மதிப்பிற்குரிய மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

ஒரகடம் சிப்காட் பக்கத்தில் வாடகை ஷெட்டில் பட்டறை நடத்துகிறேன். நான்கு சிஎன்சி, இரண்டு விஎம்சி மிஷின்கள், இருபத்திரண்டு பேர். கார் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்கிறவர்களுக்கு நாங்கள் சப்ளை செய்கிறோம்: புஷ், பின், ஸ்பேசர். கணினிகள் ஒன்பது. இந்த மடல் அந்த ஒன்பதைப் பற்றியது.

போன வருஷம் ஒரு மென்பொருள் கம்பெனியிலிருந்து போன். எங்கள் ஷெட்டில் அவர்களுடைய டிராயிங் மென்பொருள் லைசென்ஸ் இல்லாமல் ஓடுகிறதாம். உண்மைதான், மறைக்கவில்லை, யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து போட்டது. அவர்கள் கேட்ட தொகை ஒரு மிஷினின் ஆறு மாதத் தவணை. அதே சமயத்தில் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பு. எங்கள் பெட்டிகளில் ஏழு பழசு. விண்டோஸ் 11 ஏறாது. ஓடுகிற பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை. ஏழிலும் லினக்ஸ் ஏற்றினோம். லிப்ரே ஆபீஸ், டிராயிங்குக்கு ஃப்ரீகேட். மீதி இரண்டு விண்டோஸிலேயே இருக்கின்றன. ஆடிட்டர் டாலி ஃபைல்தான் கேட்பார். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அங்கேதான் செருகியிருக்கிறது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

பயந்த இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. சிஎன்சிக்கு புரோகிராம் அனுப்பும் பெட்டி முதல் நாளே வேலை செய்தது. மிஷினுக்கு ஜி-கோடு வந்தால் போதும். அனுப்புகிறது விண்டோஸா லினக்ஸா என்று அது கேட்பதில்லை. பயப்படாத இடத்தில்தான் அடி. "சார், சம்பளப் பட்டியல் இங்கிலீஷ்ல திட்டுது" என்று ஸ்டோர்ஸ் அம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், பல வருஷத்துக்கு முன்னால் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கமாவும் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் கொட்டிக் கிடந்தது. தமிழுக்கு யூனிகோடுதான் என்று அரசு 2010-லேயே ஆணை போட்டுவிட்டது. அது எங்கள் ஷெட் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அப்ரண்டிஸாக வந்த ஐடிஐ பையன் ஒருவன் பதினோரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான். டெலிவரி சலானில் உடைந்துபோன மேக்ரோவையும் அவனே சரி செய்தான்.

பிறகு அவனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வாழ்க. ஆனால் அடுத்த மாதமே பார்கோடு லேபிள் பிரிண்டர் நின்றது. லேபிள் ஒட்டாத பெட்டியை கம்பெனி கேட்டில் இறக்க விடமாட்டார்கள். வாசலில் வண்டி நிற்கிறது, டிரைவர் டீ குடித்து முடித்துவிட்டார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கணினி பழுதுபார்க்கிறவரை வரவழைத்தேன். விண்டோஸ் என்றால் ஐந்நூறு ரூபாய்க்கு அரை மணியில் முடிப்பவர். திரையைப் பார்த்ததும் சொன்னார்: "லினக்ஸா? ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தரட்டுமா?" எதை என்பதையும் சொல்ல வேண்டுமா? பென்டிரைவில் இருக்கிற அதே விண்டோஸ்தான்.

ஐயா, எனக்கு லைசென்ஸ் காசு மிச்சம். நின்றால் வந்து பார்க்க ஆள்தான் இல்லை.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. இந்த வழியில் எங்களுக்கு முன்னால் நடந்தது நீங்கள்தான். உமாசங்கர் அவர்கள் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006, 2007 வாக்கில் எல்காட் தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றியது. பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளும் லினக்ஸோடு போயின. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு நின்றபோது, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளும்படி மாநில அரசு துறைகளிடம் சொன்னது. ஆனாலும் நான் ஏறி இறங்கும் எந்த அரசு அலுவலகத்திலும் இன்று அந்தத் திரையைப் பார்ப்பதில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. மென்பொருள் கெட்டுப்போய்த் திரும்பினார்கள் என்று நான் நம்பவில்லை. உங்கள் விஷயத்திலும் நம்பவில்லை.

காசு கட்டி வாங்கினால் கவலையில்லை என்பார்கள். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணம் காட்டி, குஜராத்தில் வாடினார் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள், சேவை திரும்பியது. எனக்கு அந்த வக்கீல் செலவு கட்டுப்படியாகுமா?

கேட்பது பெரிதில்லை. ஒரகடத்தில் ஒரு மேஜை, இரண்டு டிப்ளமா பிள்ளைகள், ஒரு பைக். காலையில் போன் போட்டால் மதியத்துக்குள் ஷெட்டுக்கு வர வேண்டும். இலவசமாக வேண்டாம், அந்த ஐந்நூறை நாங்களே கொடுக்கிறோம். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் இதையெல்லாம் தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குழுவிடமே பயிற்சி கேட்கலாம்.

இன்னொன்று, இது உங்கள் கையில் மட்டும் இல்லை. எங்களுக்கு வரும் டிராயிங் பெரும்பாலும் அந்தந்த மென்பொருளின் சொந்த ஃபைலாகவே வருகிறது. ஸ்டெப் என்று ஐஎஸ்ஓ அங்கீகரித்த பொது வடிவம் இருக்கிறது; கூடவே ஒரு பிடிஎஃப் வந்தால் ஃப்ரீகேடில் திறந்து வேலையை முடித்துவிடுவேன். அனுப்புகிறவருக்கு அது இரண்டு கிளிக். அரசிடம் நிலமும் சலுகையும் பெற்ற பெரிய கம்பெனிகளிடம் இதைக் கேட்கும்படி தொழில் துறைக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதலாம். நான் எழுதினால் பதில் வராது.

நந்தனத்திலிருந்து ஒரு சனிக்கிழமை யாரையாவது அனுப்பி வையுங்கள். அன்று அவசரத்துக்கு மாற்றிய லேபிள் பிரிண்டர் இன்னும் விண்டோஸ் பெட்டியில்தான் மாட்டியிருக்கிறது. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரகடம் பட்டறைக்காரன் ஒருவன்