பிரயாணி என்ன பண்டமூட்டையா?

ஆகாயவிமானம் புயலையும் மூடுபனியையும் மீறி இறங்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. சேரவேண்டிய நிலையத்தில் வானிலை கெட்டால் வேறொரு நிலையத்துக்கு விமானத்தைத் திருப்புவது விமானியின் கடமை. உயிர்களைக் காக்கும் அச்செயலைக் குறை கூறுதல் அறிவீனம். நாம் கேட்பது வேறு. திருப்பப்பட்ட விமானம் தரையைத் தொட்ட பின்னர் அதிலுள்ள மக்களுக்குப் பொறுப்பாளி யார்?

“வானிலைக்கு நாம் பொறுப்பல்லோம்” என்று விமானக் கம்பனிகள் கையை விரிக்கின்றன. மெய்தான். மழையைப் பெய்வித்தது கம்பனியன்று. ஆனால், பசித்த குழந்தைக்குப் பால் கொடாதது மழையா? நோயுற்ற முதியவரை விடியுமட்டும் நாற்காலியில் இருத்தி வைத்தது மூடுபனியா? தாமதத்துக்கு இயற்கை காரணமாகலாம். புறக்கணிப்புக்கு மனிதரே காரணம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதிலேயே கம்பனிகளின் சாமர்த்தியம் அடங்கியிருக்கின்றது.

2009 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஹூஸ்டனிலிருந்து மினியாப்பொலிஸ் சென்ற சிறு விமானமொன்று இடிமழையால் ரொச்செஸ்டர் நகருக்குத் திருப்பப்பட்டது. நிலையக் கட்டிடம் கண்ணெதிரே நின்றது. அப்படியிருந்தும் 47 பிரயாணிகள் ஏறக்குறைய ஆறு மணி நேரம் விமானத்துள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர். அவர்களை இறக்கிவிடுமாறு விமானி மன்றாடியும், அங்கு பணியிலிருந்த வேறொரு கம்பனியின் ஊழியர்கள் இணங்கவில்லை. அந்நாட்டு அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. சம்பந்தப்பட்ட மூன்று கம்பனிகளுக்கும் மொத்தம் 175,000 டொலர் அபராதம் விதித்தது. தரையில் நிற்கும் விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் உணவும் நீரும் வழங்கவேண்டும், பாதுகாப்புக்குப் பங்கமில்லையாயின் உள்நாட்டுப் பிரயாணிகளை மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைத்திருத்தலாகாது என்னும் விதி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

ஐரோப்பாவில் 2005 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், காத்திருக்கும் பிரயாணிக்கு உணவு, இராத் தங்க விடுதி, அங்கு சென்றுவர வாகனம், வீட்டாருடன் பேசத் தொலைபேசி ஆகியவற்றைக் கம்பனியே இலவசமாக அளிக்கவேண்டும் என்கின்றது. 2010 இல் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் வானத்தை மூடியபோது விமானங்கள் பல நாட்கள் பறக்கவில்லை. “இத்தகைய பேரிடருக்கு இச்சட்டம் பொருந்தாது” என்று ஒரு கம்பனி வழக்காடியது. 2013 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிவிட்டது. பேரிடர் வேளையிலேதான் பிரயாணி பெரிதும் திக்கற்றவனாகின்றான். ஆகவே பராமரிக்கும் கடமைக்கு நாட்கணக்குமில்லை, பணவரம்புமில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

இது நமக்கு அந்நியமான நியாயமன்று. ஆற்றில் வெள்ளம் வந்து வழி மறித்தால், வாடகை வாங்கிய வண்டிக்காரன் தன் வண்டியில் ஏறியவர்களைக் காட்டிலே இறக்கிவிட்டு ஓடுவதில்லை. எழுத்தறியாத வண்டிக்காரனுக்குள்ள தர்மம், கோடிகளைப் புரட்டும் கம்பனிகளுக்கு இல்லாமற் போகலாமா?

கட்டுநாயக்காவில் இறங்க முடியாத விமானங்கள் தெற்கே மத்தளைக்கோ, கடல் கடந்து தென்னிந்தியாவுக்கோ திருப்பப்படுவதுண்டு. அவற்றில் வருபவர் செல்வர் மாத்திரமல்லர். வளைகுடா நாட்டில் உழைத்து விடுமுறைக்கு வரும் தொழிலாளியும் வருகின்றான். கனடாவிலுள்ள மகளைப் பார்த்துத் திரும்பும் தாயும் வருகின்றாள். தமிழன்றி வேறு மொழியறியாத அத்தாய்க்கு, தான் எங்கே நிற்கின்றாள் என்பதைத் தமிழிலே சொல்வார் யார்?

நாம் சலுகை கேட்கவில்லை; கொடுத்த பணத்துக்குரிய கடமையைக் கேட்கின்றோம். உணவும் நீரும் வேண்டும். படுக்க இடம் வேண்டும். உண்மைச் செய்தி, புரியும் மொழியில், உரிய நேரத்தில் வேண்டும். செல்லவேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு கம்பனியுடையதாதல் வேண்டும். தவறினால் தண்டம் வேண்டும். கம்பனிகளின் நல்லெண்ணத்தை நம்பியிருந்தது போதும். சட்டம் பேசட்டும்!