பனிப்பந்தும் ஊசியும்
வீடியோ கேம் ஆடுகிறவர்கள் முரடர்கள் என்று பத்திரிகைகள் திட்டிக்கொண்டிருந்த காலம். 2003இல், வீடியோ கேம் பற்றிய ‘பென்னி ஆர்கேட்’ சித்திரக்கதையின் படைப்பாளிகள் மைக் கிராஹுலிக்கும் ஜெர்ரி ஹோல்கின்ஸும் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனைக்காகத் தங்கள் வாசகர்களிடம் பொம்மை கேட்டார்கள்; அப்படித்தான் ‘சைல்ட்ஸ் பிளே’ அறக்கட்டளை பிறந்தது. அதில் மனத்தைத் தொடுவது கொடை போய்ச் சேரும் விதம்: என்ன வேண்டும் என்று மருத்துவமனையே பட்டியல் போடுகிறது, கொடுப்பவர் அதைப் பார்த்து வாங்கி அனுப்புகிறார். கீமோதெரபியில் எதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைக்கு, யாரோ ஆசையாகத் தரும் பழைய கரடி பொம்மையே கிருமியைக் கொண்டுவந்துவிடலாம். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய கேம் கன்ட்ரோலர் என்றால் படுக்கைக்குப் படுக்கை போகும். ஊசிக்குப் பயந்து கையை இழுத்துக்கொள்ளும் பிள்ளை, ஆட்டத்தின் நடுவே அந்தக் கையை நீட்டிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மாவும் அப்போதுதான் மூச்சுவிடுகிறாள். இது வெறும் ஆறுதல் பேச்சில்லை. அதே சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காய நோயாளிகளுக்காக ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். காயத்தைச் சுத்தம் செய்யும்போது நோயாளி பனிமனிதர்கள்மேல் பனிப்பந்து வீசிக்கொண்டிருப்பார். கவனம் அங்கே போக, வலி குறைந்ததை ஆய்வுகள் காட்டின. மருந்துக்கு மட்டும்தான் பணம் தருவோம் என்கிற கொடையாளர்கள் அந்த ஆய்வுகளை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.