இரண்டு இலக்கச் சிக்கனம்

மறைந்த எழுத்தாள நண்பர் ஒருவரின் கதைகளைத் தொகுக்கும் வேலையில் நாங்கள் மூவர் சில காலம் ஈடுபட்டிருந்தோம். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பெரும்பாலும் கரையானுக்குப் போயிருந்தன. எஞ்சியவை, அவருக்குத் தட்டச்சு செய்து கொடுத்துவந்த ஒரு சிறிய அச்சகத்தின் பிளாப்பிகள் மட்டுமே. அவற்றில் ஒரே கதைக்கு இரண்டு வடிவங்கள் கிடைத்தன. ஒன்றில் வீட்டைவிட்டுப் போன தாய் திரும்பி வருகிறாள். மற்றதில் வருவதில்லை. எது அவர் கடைசியாகத் திருத்தியது? கோப்பின் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பினோம். இரண்டிலுமே ஆண்டு 1980 என்றிருந்தது. அந்த அச்சகத்தில் 1980இல் கணினி ஏது? ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்த காலம் அது.

அச்சக உரிமையாளரிடம் கேட்டபோது சிரித்தார். 2000ஆம் ஆண்டு பிறந்த அன்று கணினியைத் திறந்தால், அது 1980 ஜனவரி 4 என்று காட்டியதாம். தினமும் காலையில் சரியான தேதியைத் தட்டச்சு செய்யும்படி பையனிடம் சொல்லியிருந்தார். பையன் நினைவு வந்த நாட்களில் செய்தான், மறந்த நாட்களில் விட்டுவிட்டான். ‘தேதி தப்பா இருந்தா என்ன சார், எழுத்து சரியா வந்துதே’ என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒரு கதையின் முடிவு அந்தத் தேதியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அக்காலத்துக் கணினியின் தாய்ப்பலகையில் ஒரு கடிகாரச் சில்லு உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் சிறிய மின்கலத்தின் தயவில் அது ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சில்லு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே எண்ணத் தெரிந்தது. நூற்றாண்டைக் குறிக்கும் 19 என்ற எண் பக்கத்தில் தனியே ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். 99 முடிந்து 00 வரும்போது சில்லு அந்த 19ஐத் தொடாது. அதை 20 ஆக்குவது பயாஸ் என்னும் அடிப்படை நிரலின் பொறுப்பு. பல பழைய பயாஸ்களுக்கு அந்தப் பொறுப்பு தெரியாது. ஆகவே கணினி 1900க்குப் போயிற்று. டாஸ் இயங்குதளத்துக்கோ 1980க்கு முந்தைய உலகமே கிடையாது. இரண்டும் முட்டிக்கொண்டதன் விளைவுதான் அந்த ஜனவரி 4.

சரிசெய்ய வழிகள் இருந்தன. சில கணினிகளில் ஒருமுறை கையால் தேதியை மாற்றினால் போதும். சிலவற்றுக்கு பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதுவும் இயலாவிட்டால், கணினி திறக்கும்போதெல்லாம் ஓடி, 19ஐக் கண்டால் 20 என்று திருத்தும் ஒரு குட்டி நிரல் போதும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் செலவிடப்படாததால் ஒரு தாய் திரும்பி வந்தாளா என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

இரண்டு இலக்கத்தை மிச்சப்படுத்தியவர்களை மூடர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு துளை அட்டையில் 80 பத்திகள்தான். நினைவகம் பொன் விலை விற்ற காலம். அப்படியிருந்தும் எச்சரித்தவர்கள் உண்டு. பாப் பீமர் என்ற அமெரிக்கக் கணினியியலாளர் 1970களிலேயே இதைப் பற்றி எழுதினார். கேட்பாரில்லை. 1992இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 104 வயது மூதாட்டி ஒருவருக்கு மழலையர் பள்ளியில் சேர அழைப்பு வந்தது. கணினிக்கு அவர் வயது 4.

இந்தச் சிக்கனம் நமக்குப் புதிதல்ல. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். முற்காலச் சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் பட்டமும் ஆட்சியாண்டும் மட்டுமே இருக்கும், மன்னனின் பெயர் இருக்காது. கல்லைப் பொறித்தவருக்கு ஐயமே இல்லை; அப்போது ஆண்டுகொண்டிருந்த பரகேசரி ஒருவன்தானே. அடுத்த பரகேசரி வந்தபோது தொடங்கியது குழப்பம். எழுத்தின் வடிவத்தையும் உடன்வரும் பெயர்களையும் வைத்து, ஒரு கல்வெட்டு எந்தப் பரகேசரியினுடையது என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலாம் இராசராசன் தன் வெற்றிகளை வரிசைப்படுத்தும் மெய்க்கீர்த்தியைக் கல்வெட்டின் முகப்பில் வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்த பிறகே இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்தது. அவன் புகழுக்காகச் செய்திருக்கலாம். என் கண்ணுக்கு அது விடுபட்ட இரண்டு இலக்கங்களை மீண்டும் எழுதிய செயலாகவும் தெரிகிறது.

அறுபது ஆண்டு வட்டமும் அப்படித்தான். 2000 ஜனவரியில் நடந்துகொண்டிருந்தது பிரமாதி வருஷம். ‘பிரமாதி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் தேதியிட்ட ஒரு பழைய கடிதம் கிடைத்தால், அது 1880ஆகவும் இருக்கலாம், 1940ஆகவும் இருக்கலாம். எழுதியவருக்கும் பெற்றவருக்கும் குழப்பமில்லை. மூன்றாவதாகப் படிக்க வருபவன்தான் தவிக்கிறான். சுருக்கி எழுதப்படும் எந்தத் தேதியும் அந்த மூன்றாம் மனிதனை மறந்து எழுதப்படுவது.

2000ஐ எதிர்கொள்ள உலகம் இரண்டு வகையான மருந்துகளைக் கையாண்டது. ஒன்று, ஆண்டை நான்கு இலக்கமாக விரிப்பது. இது நேர்மையானது, செலவு மிகுந்தது. மற்றது, ஒரு எல்லைக்கோடு கிழிப்பது. உதாரணமாக, 50க்குக் கீழே இருந்தால் 2000த்தைச் சேர்ந்தது, மேலே இருந்தால் 1900த்தைச் சேர்ந்தது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது. இரண்டு இலக்கம் அப்படியே இருக்கும், சிக்கல் மட்டும் சில பத்தாண்டுகள் தள்ளிப்போகும். அவசரத்தில் மிகப் பலர் தேர்ந்தது இரண்டாவதைத்தான். எக்செல்லின் பல பதிப்புகளில் 29 என்று தட்டினால் 2029 வரும், 30 என்று தட்டினால் 1930 வரும். கோடு கிழித்தவர்கள் 2030 வெகு தொலைவில் இருப்பதாக நினைத்தார்கள். இப்போது அது எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது.

பணிக்காலம் குறைவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பாதியில் சென்னையின் பயிற்சி நிலையங்களில், ஓய்வு பெற வேண்டிய கோபோல் மொழியை அவசர அவசரமாகக் கற்ற இளைஞர்களை நானறிவேன். அமெரிக்கா எச்1பி விசாவின் ஆண்டு வரம்பை 65,000இலிருந்து 1,15,000 ஆக உயர்த்திய காலம் அது. யாரோ முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்து, தேதி ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடித் திருத்துவது அவர்கள் வேலை. பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரின் வேலைதான் அது, பெயர்ப்பக்கம் மட்டும் கிடையாது.

விடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ‘எல்லாம் பணம் பறிக்கும் புரளி’ என்ற பேச்சு அன்றே தொடங்கிற்று, இன்றும் ஓயவில்லை. அமெரிக்க வணிகத் துறையின் மதிப்பீட்டின்படி அந்நாடு மட்டும் செலவிட்டது சுமார் 10,000 கோடி டாலர். மிகக் குறைவாகச் செலவிட்ட நாடுகளும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லையே என்பது நல்ல கேள்வி. மிகையான பீதி கிளப்பப்பட்டது உண்மை. ஆனால் குறைவாகச் செலவிட்டவர்கள் பயன்படுத்திய மென்பொருள்களில் பலவும், மற்றவர்களின் செலவில் ஏற்கெனவே திருத்தப்பட்டவை. அண்டை வீட்டார் கொசுவை ஒழித்ததால் காய்ச்சல் வராதவன், கொசுவே பொய் என்று சொல்வது போன்றது இந்த வாதம்.

திருத்தப்படாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் சாட்சி. அங்கே ஒரு மருத்துவமனையின் கணினி, கர்ப்பிணிகளின் வயதையும் பரிசோதனை முடிவுகளையும் கொண்டு, குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுவந்தது. 2000 பிறந்ததும் அது தாயின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டது. 150க்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தவறான முடிவு போயிற்று. அபாயம் மிகுந்தவர்களிடம் அபாயம் குறைவு என்று சொல்லப்பட்டது. மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. வானத்திலிருந்து விமானம் விழவில்லை, அதனால் தலைப்புச் செய்தியும் இல்லை. தேதிப் பிழை பெரும்பாலும் இப்படித்தான் வரும். அது நம்பும்படியான ஒரு பொய்யை, தயங்காமல் சொல்லும்.

பாடம் கற்றோமா? 2020 ஜனவரி 1 அன்று நியூயார்க் நகரத்து வாகன நிறுத்தக் கட்டண இயந்திரங்கள் கடன் அட்டைகளை ஏற்க மறுத்தன. அவற்றின் மென்பொருளில் அந்த நாளுக்கு அப்பால் தேதி நீட்டிக்கப்பட்டிருக்கவில்லை. அடுத்தது, 2038 ஜனவரி 19. யூனிக்ஸ் வழிவந்த பல கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணுகின்றன. 32 பிட் அளவுள்ள அந்த எண், இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு நிரம்பிவிடும். அடுத்த நொடி 1901 டிசம்பருக்கு விழும். 64 பிட்டுக்கு மாறுவதே மருந்து. புதிய கணினிகள் மாறிவிட்டன. 32 பிட் கணினிகளுக்கும் 2038ஐத் தாண்டும் வசதியை லினக்ஸ் 2020இல் கொடுத்தது. கவலை, சுவருக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் புதைந்து, யாராலும் புதுப்பிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கருவிகளைப் பற்றியது.

என் கருத்து எளியது. 2000இல் நாம் தப்பித்தது உழைப்பால். அதை அதிர்ஷ்டம் என்றோ புரளி என்றோ சொல்லும் ஒவ்வொரு முறையும், அடுத்த திருத்தத்துக்கான பணத்தையும் பொறுமையையும் நாம் மறுக்கிறோம். நல்ல பழுதுபார்ப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியாததாலேயே அதை நினைவில் வைத்திருக்க வேண்டியது நம் கடமை.

இலக்கியவாதிகளாகிய நாம் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றும் உண்டு. நம் சிற்றிதழ்களில் எத்தனை ‘இதழ் 7’ என்றோ ‘தை-பங்குனி’ என்றோ மட்டும் சொல்லி நிற்கின்றன! கடிதத்தில், கதையின் அடியில், இதழின் முதல் பக்கத்தில் ஆண்டை நான்கு இலக்கத்தில் முழுதாக எழுதுங்கள். நண்பரின் தொகுப்பில் இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து அச்சிட்டோம். வேறு வழியிருக்கவில்லை.