முதலில் சூட்டைக் கவனியுங்கள்

1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்றொரு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கக்கூடிய டர்போ கார்களில் அது முன்னோடி. 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சின், 215 குதிரைத்திறன். பெட்ரோல் டேங்க் போக, அந்தக் காரின் பானட்டுக்கு அடியில் இன்னொரு சிறு தொட்டியும் இருந்தது. தண்ணீரும் மெத்தனாலும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்த திரவம் அதில் நிற்கும். டர்போ காற்றை அழுத்தும்போது இந்தத் திரவமும் எஞ்சினுக்குள் போய்ச் சூட்டைத் தணிக்கும். எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வராமல் காக்கும். ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று அட்டகாசமாகப் பெயர் சூட்டி விற்றார்கள்.

வாங்கியவர்களில் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். தொட்டி வற்றினால் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் அழுத்தம், தானாகக் குறைந்துவிடும். வேகத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிய கார் சோம்பி நின்றது, புகார்கள் குவிந்தன. இரண்டே ஆண்டுகளில், விற்பனை பத்தாயிரத்தைத் தொடாமலேயே ஜெட்ஃபயர் கதை முடிந்தது. 1965-ல் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொள்ள நிறுவனமே வழி செய்து கொடுத்தது.

ஆக, டர்போ கார் சரித்திரத்தின் முதல் அத்தியாயமே சூட்டிடம் தோற்ற கதைதான். அறுபது ஆண்டுகள் கழித்தும், சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் ‘ஸ்டேஜ் 1’, ‘ஸ்டேஜ் 2’ என்று எஞ்சின் கணினியை ரீமேப் செய்துகொள்ளும் இளைஞர்களிடம் அந்தப் பாடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கேட்கிறார்கள். எத்தனை டிகிரி கூடும் என்று கேட்பவர் அபூர்வம். பெரிய டர்போவுக்கு லட்சக்கணக்கில் எடுத்து வைப்பவர், அதே பட்ஜெட்டில் சூட்டைச் சமாளிக்க என்ன ஒதுக்கினார் என்று கேட்டால் விழிப்பார். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும்.

காரணம் எளிய இயற்பியல். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுவது தெரியும். டர்போவிலும் அதுவே நடக்கிறது, பல மடங்கு ஆவேசமாக. வெளியே 35 டிகிரி இருக்கும் காற்றை, 70 சதவீதத் திறனுள்ள ஒரு கம்ப்ரசர் இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், வெளிவரும் காற்று சுமார் 130 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் இரு மடங்கானாலும் அடர்த்தி இரு மடங்காவதில்லை; ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்வதே காரணம். அதே காற்றை இன்டர்கூலர் வழியாக 55 டிகிரிக்கு இறக்கினால் அடர்த்தி 1.9 மடங்கை நெருங்கும். பூஸ்டை இம்மியும் கூட்டாமல் கிடைத்த சக்தி இது. நாக்கிங் அபாயம் குறைவது அதற்கு மேல் லாபம்.

போர்ஷே இதை மூன்றே ஆண்டுகளில் புரிந்துகொண்டது. 1975-ல் வந்த முதல் 911 டர்போவில், அதாவது 930-ல், இன்டர்கூலர் கிடையாது; 3 லிட்டர் எஞ்சினுக்கு 260 குதிரைத்திறன். 1978-ல் எஞ்சினை 3.3 லிட்டராக்கி இன்டர்கூலரும் வைத்தார்கள், 300 வந்தது. பின்னால் எஞ்சின் உள்ள காரில் இன்டர்கூலரை வைக்க வேறு இடம் கிடைக்காமல், பின்புற இறக்கையின் வடிவத்தையே மாற்றி அதற்கடியில் பொருத்தினார்கள். பல தலைமுறைகள் சுவரொட்டியாக ஒட்டி ரசித்த அந்த அகன்ற வால், பாதி அழகுக்கும் பாதி குளிரூட்டலுக்கும் உருவானது.

உள்ளே போகும் காற்றின் சூடு ஒரு பக்கம். வெளியேறும் புகையின் சூடு இன்னொரு பக்கம். அதுதான் உலோகத்தையே தின்னும். முழு வீச்சில் ஓடும் பெட்ரோல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் 900 டிகிரியைத் தாண்டி 1,000 டிகிரியை எட்டக்கூடியது. அந்த நெருப்பில் நிமிடத்துக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுழல்கிறது டர்பைன் சக்கரம். அதன் தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரமோ 660 டிகிரியில் உருகிவிடும் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே சில அங்குலமும் கொஞ்சம் ஆயிலும் மட்டும்தான். டீசல் கார்களில் பல காலமாக இருந்த, இதழ்கள் திரும்பும் டர்போவை பெட்ரோல் 911-க்குள் கொண்டுவர போர்ஷேவுக்கு 2006 வரை ஆனதும் இதனால்தான். டீசல் புகையின் மிதமான சூட்டைத் தாங்கிய இதழ்களுக்கு, பெட்ரோல் புகையைத் தாங்க வேறு தரத்து உலோகக் கலவை தேவைப்பட்டது.

இந்தச் சூட்டுக்கு ஏற்பப் பாகத்தை மாற்றுவது என்றால் என்ன என்பதற்கு நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் நல்ல உதாரணம். 1989-ல் வந்த ஆர்32 மாடலின் 2.6 லிட்டர் எஞ்சினில் இரண்டு டர்போக்கள். அவற்றின் டர்பைன் சக்கரங்கள் செராமிக்கால் ஆனவை. எடை குறைவு என்பதால் சட்டென்று சுழலும், மிதித்ததும் பிக்கப் வரும். தொழிற்சாலை வைத்த பூஸ்ட் அளவுக்குள் ஓடும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் அந்தக் காரை வாங்கியவர்களில் எத்தனை பேர் தொழிற்சாலை அளவோடு விட்டார்கள்? பூஸ்டை ஒரு பாருக்கு மேல் தள்ளியபோது, கூடுதல் சூட்டிலும் சுழல் வேகத்திலும் செராமிக் சக்கரம் தண்டிலிருந்து பிய்ந்தது அல்லது நொறுங்கியது. பந்தயத்துக்கென்று நிஸான் தானே தயாரித்த வண்டிகளில் உலோகச் சக்கரம்தான் வைத்தது. டொயோட்டா சூப்ராவிலும் ஜப்பான் உள்நாட்டு மாடலுக்குச் செராமிக், ஏற்றுமதி மாடலுக்கு எஃகு. ஆக, ஜப்பான் கார் பிரியர்கள் முதலில் மாற்றும் பாகம் அந்தச் சக்கரமாக இருப்பதில் வியப்பில்லை. பூஸ்டைக் கூட்டும் முன்பே மாற்றியவர்கள் எஞ்சினைக் காப்பாற்றினார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்குச் சக்கரம் நடுவழியில் நொறுங்கியது.

ஆனால் சூட்டின் முழு ஆட்டத்தையும் ஒரே காரில் பார்க்க வேண்டுமென்றால் மஸ்தா ஆர்எக்ஸ்-7 தான். 1991-ல் வந்த எஃப்டி மாடல், அழகிலும் எடைக் குறைவிலும் அந்தக் காலத்தின் எந்தக் காருக்கும் சளைத்ததில்லை. உள்ளே 1.3 லிட்டர் ரோட்டரி எஞ்சின், அடுத்தடுத்து இயங்கும் இரண்டு டர்போ. ரோட்டரி எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது. எரிந்து முடியாத நெருப்பே துளை வழியாக நேராக டர்போவில் பாயும். பிஸ்டன் எஞ்சினின் புகையை விட இது சூடு. குறைந்த வேகத்தில் முதல் டர்போ மட்டும் ஓடும். 4,500 சுற்றுக்கு அருகில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கைமாற்றத்தைச் செய்வது கத்தையான மெல்லிய வேக்குவம் ரப்பர் குழாய்களும் சொலனாய்டுகளும். உரிமையாளர்கள் அதை எலிக்கூடு என்றே அழைத்தார்கள்.

சில ஆண்டுகள் அந்தச் சூட்டில் வெந்தால் ரப்பர் காய்ந்து விறைக்கும், விரிசல் விடும். ஒரு குழாய் ஒழுகினாலும் இரண்டாவது டர்போ நேரத்துக்கு விழிக்காது. கூலன்ட் செல்லும் பாதையில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியும் அதே சூட்டில் வெடிக்கும். அலுமினியத் தொட்டி மாற்றுவது எஃப்டி வைத்திருப்பவர்கள் பலரும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று. டேஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் முள்ளோ நடுவிலேயே சாதுவாக நிற்கும். அது நகரும்போது காரியம் கைமீறியிருக்கும். அதனால் தனி மீட்டர் வாங்கி மாட்டுவது இந்தக் காரில் அலங்காரம் அல்ல, அத்தியாவசியம்.

இனி, சூட்டைக் குறைக்கச் செய்யும் நல்ல வேலையே எப்படி வினையாகும் என்று பாருங்கள். எஃப்டியில் டர்போவை ஒட்டி ஒரு முன்-கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கும். பானட்டுக்கு அடியில் அது ஒரு தனி அடுப்பு. அதை எடுத்துவிட்டு நேர் டவுன்பைப் போட்டால் எஞ்சின் அறை கணிசமாகக் குளிரும். ஆனால் புகைக்கு வழி இலகுவானதும் டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். அதிகப்படி புகையை வெளியேற்ற வேண்டிய வேஸ்ட்கேட்டின் துளையோ சிறியது. விளைவு, யாரும் ஏற்றாமலேயே பூஸ்ட் ஊர்ந்து ஏறும். பெட்ரோல் அந்த அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை என்றால் நாக்கிங் வரும். பிஸ்டன் எஞ்சின் ஓரிரு முறை நாக்கிங்கைப் பொறுத்துக்கொள்ளும், ரோட்டரி பொறுக்காது. ரோட்டரின் முனையில் உள்ள ஏபெக்ஸ் சீல் உடைந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். குளிர்விக்கப் போட்ட ஒரு குழாய், இப்படி எஞ்சினை முடிக்கும்.

இன்டர்கூலரிலும் இதே சிக்கல். தொழிற்சாலை தந்தது சிறியது என்று பெரிய ஒன்றை வாங்கி முன்பக்கம் மாட்டினால், அது ரேடியேட்டரின் காற்றை மறைக்கும். உள்ளே போகும் காற்று குளிரும், கூலன்ட் சூடாகும். எஃப்டி உலகம் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு அழகானது: ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் ‘வி’ வடிவில் மேலும் கீழும் சாய்த்து வைப்பது. முன்னால் நுழையும் காற்று இரண்டாகப் பிரிந்து இரண்டுக்கும் புதிதாகவே போய்ச் சேரும். செலவு அதிகம், வேலை கஷ்டம். ஆனால் டர்போவை மாற்றும் முன் இதைச் செய்தவர்களின் கார்கள்தான் இன்றும் டிராக்கில் ஓடுகின்றன.

சுருங்கச் சொன்னால், சூடு எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு பாகத்தையும் தொடக் கூடாது. எக்ஸாஸ்ட் குழாயில் சுற்றும் துணி போன்ற ராப் மலிவானது, பார்க்கவும் பந்தயக் கார்போல இருக்கும். ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைத்து மைல்டு ஸ்டீலைத் துருவேற்றும். சூட்டை உள்ளேயே அடைப்பதால் தரமில்லாத மெனிஃபோல்டு விரிசல் விடும். செராமிக் பூச்சு அதைவிட விலை கூடியது, நெடுநாள் உழைக்கும். டர்போ மேல் போர்த்தும் போர்வையும் நல்லதுதான், அருகில் உள்ள வயரையும் குழாயையும் காக்கும். 1992-ல் மெக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறையில் சூட்டைத் திருப்பியனுப்பத் தங்கத் தகடே ஒட்டினார்கள். அந்தக் காரில் டர்போகூட இல்லை!

சொந்த டர்போ கார் வைத்திருப்பவர் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. விரட்டி ஓட்டிவிட்டு வந்து உடனே சாவியைத் திருகி அணைக்காதீர்கள். ஆயில் ஓட்டம் நின்றதும், டர்பைன் பக்கத்துச் சூடு தண்டு வழியாக பேரிங்குக்கு ஏறி, அங்கே தேங்கிய ஆயிலைக் கருக்கி கரியாக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் டர்போவின் நடுப்பகுதிக்குள் கூலன்ட் ஓடுகிறது, சிலவற்றில் எஞ்சின் நின்ற பிறகும் மின்பம்ப் சுற்றுகிறது. ஆனாலும் கடைசி ஓரிரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வருவது எல்லா டர்போவுக்கும் நல்லது.

இனி நம்மூர் விஷயம். ரீமேப் கடைகளில் தரும், எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளில் உள்ள குதிரைத்திறன் எண், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தட்பவெப்பத்துக்குத் திருத்திக் கணக்கிட்டது. பரவலாகப் பயன்படும் எஸ்ஏஇ முறையில் அது 25 டிகிரி. சென்னையில் மே மாத மதியத்தில் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? ஏசி ஷோரூமில்தான். அதோடு, டைனோவில் பானட்டைத் திறந்து, எதிரே பெரிய விசிறியை வைத்து, ஒரே ஒரு தடவை முழுசாக மிதித்துப் பார்க்கிறார்கள். முதல் ஓட்டத்தில் இன்டர்கூலர் குளிர்ந்திருக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நான்காவது சுற்றில் அது வெந்திருக்கும். அப்போது நவீன எஞ்சினின் கணினி, நாக்கிங்கைத் தவிர்க்கத் தானாகவே பற்றவைப்பைத் தாமதப்படுத்தி, பூஸ்டையும் குறைக்கும். காசு கொடுத்து வாங்கிய சக்தி தாளில் இருக்கும், சக்கரத்தில் இருக்காது. குளிர்ந்த ஐரோப்பிய நகரில் யாரோ எழுதிய ரீமேப் கோப்பை அப்படியே நம்மூர்க் காரில் ஏற்றுபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டுச் சாலையில் ஓட்டுவது மற்றவர்களின் மூச்சுக்காற்றோடு விளையாடுவது. அந்த ஆசையை டிராக்குக்கு மட்டும் கொண்டுபோகும் வண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எனவே, காரை மெருகேற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் உள்ள பணத்தில் முதல் பங்கை மீட்டர்களுக்கும், இன்டர்கூலருக்கும், ஆயில் கூலருக்கும், பழைய ரப்பர் குழாய்களை மாற்றவும் ஒதுக்குங்கள்; மிச்சமிருப்பதில் டர்போவைப் பாருங்கள். கடைக்காரர் டைனோ தாளை நீட்டும்போது, அடுத்தடுத்து ஐந்து முறை ஓட்டச் சொல்லி, ஐந்தாவது ஓட்டத்தின் தாளைக் கேளுங்கள். அதில் இன்டேக் காற்றின் வெப்பநிலையும் அச்சாகியிருக்க வேண்டும். அதைத் தரத் தயங்கும் கடையில் காரை விடாதீர்கள்.