குளிர்காலத்தில் கிராப்பி தேடுவோருக்கு

டெக்சாஸில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கும் என் வயதுக்காரர்கள் சிலர் தூண்டில் போடப் பழகியிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். டல்லாஸுக்குக் கிழக்கே உள்ள லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்துக்கு இரண்டு குளிர்காலமாகப் போய்வருகிறேன். அங்கே கிராப்பி என்ற மீனைத் தேடி வரும் புதியவர்களுக்குப் பலரும் சொல்லும் முதல் யோசனை, “ஒரு சோனார் திரை வாங்கிவிடுங்கள்” என்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பணம் செலவழிக்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. குளிரில் இந்த மீன் ஏன் ஆழத்துக்குப் போகிறது என்பது ஒன்று. நமக்கு எத்தனை மீன் வேண்டும் என்பது இன்னொன்று.

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிராப்பி நன்னீர் மீன். பக்கவாட்டில் தட்டையாக, நம் ஜிலேபிக் கெண்டைக்கு வெள்ளி முலாம் பூசிக் கரும்புள்ளி இட்டதுபோல் இருக்கும். வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகை. பெயர் கனடா பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பக்கத்து மாநிலமான லூசியானாவில் இதையே ‘சாக்-ஆ-லே’ என்கிறார்கள். பிரெஞ்சில் படித்த என் காதில் அது ‘பால் பை’ என்று விழுந்தது. வெள்ளைச் சதையைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அகராதி வேறு சொல்கிறது. சொக்டா பழங்குடியினர் மொழியில் ‘சாக்லி’ என்று இருந்த மீன் பெயரை, பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்களாம். மேலே தெரிவதை வைத்துக் காரணம் சொல்லக் கூடாது என்பதற்கு இந்தப் பெயரே நல்ல உதாரணம். ஏரி விஷயமும் அப்படித்தான்.

கோடையில் ஆழமான ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே சூடான, லேசான நீர். கீழே குளிர்ந்த, கனமான நீர். இரண்டும் கலக்காததால் கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மீனால் அங்கே தங்க முடியாது. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்க, அடுக்குகள் கலந்துவிடும். ஆக்சிஜன் அடிவரை போய்ச் சேரும். கோடை முழுதும் பூட்டிக் கிடந்த கீழ்த்தளம் அப்போதுதான் திறக்கிறது. வாடைக்காற்று வீசும் நாட்களில் மேல்நீரின் வெப்பம் சட்டென்று ஏறி இறங்கும். ஆழத்தில் அந்த ஆட்டம் குறைவு. ‘ஷாட்’ என்னும் சின்ன மீன்கள் குளிர் தாங்காமல் கூட்டமாக ஆழத்துக்கு நகரும். அவற்றைத் தின்னும் கிராப்பியும் பின்னாலேயே போகும்.

ஆழம் மட்டும் போதாது, மறைவும் வேண்டும். லேக் ஃபோர்க் சுமார் 27,000 ஏக்கர். 1980-ல் அணை கட்டி நீர் தேக்கியபோது, மரங்களை நிறைய வெட்டாமலே விட்டுவிட்டார்கள். பழைய ஓடைகளின் தடமும் அடியில் அப்படியே இருக்கிறது. ஓடைத் தடம் வளைகிற இடம், அதன் ஓரமாக நிற்கும் மூழ்கிய மரம், பாலத்தின் தூண்கள், ஆழமான நீரில் போட்டிருக்கும் படகுத்துறை மேடை ஆகியவையே குளிர்கால முகவரிகள். 20 முதல் 40 அடி ஆழத்தில் கூட்டமாக நிற்கும்.

அலுவலகத்தில் ஒரு கோப்பு காணவில்லை என்றால், எல்லா அலமாரியையும் திறந்து பார்ப்பார் புதிதாகச் சேர்ந்தவர். அது கடைசியாக எந்தப் பிரிவுக்கு, எதற்காகப் போனது என்று கேட்பார் பழைய எழுத்தர். ஆழத்தைக் கோடுகளாகக் காட்டும் ஏரி வரைபடம் ஒன்று கையில் இருந்தால் மீனையும் அப்படியே தேடலாம். 27,000 ஏக்கர் ஏழெட்டு இடமாகச் சுருங்கிவிடும்.

தூண்டில் போடுவதிலும் கணக்கு உண்டு. ஈயத்தலை வைத்த சிறிய ‘ஜிக்’ முள் அல்லது உயிருள்ள சிறுமீன் போதும். நரம்பை இரண்டு இரண்டு அடியாகக் கையால் இழுத்து எண்ணி இறக்க வேண்டும். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை எடுக்கும் மீன். அதனால் இரை அதன் தலைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கீழே போய்விட்டால் கண்டுகொள்ளாது. எனவே 15 அடியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது நல்லது. குளிரில் அதன் உடல் மந்தமாக இருக்கும். இரையைத் துரத்தாது. தூண்டிலை ஆட்டாமல் பிடித்திருந்தால் நரம்பில் லேசாக ஒரு கனம் தெரியும், அவ்வளவுதான். வெடுக்கென்று இழுத்தால் காகிதம் போன்ற அதன் வாய் கிழிந்துவிடும். கால் மணி நேரத்தில் ஒன்றும் கடிக்கவில்லை என்றால் இடம் மாற்றலாம். ஒன்று கிடைத்துவிட்டால் அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவையும் அங்கேதான் இருக்கும்.

இவ்வளவும் எதற்கு, திரையில் பார்த்தால் தெரிந்துவிடுமே என்கிறான் என் மகன். உண்மைதான். இப்போதைய சோனார், படகுக்கு முன்னால் நிற்கும் மீனையும் அதை நோக்கிப் போகும் முள்ளையும் அப்போதைக்கப்போதே காட்டுகிறது. பெரிய மீனா சின்னதா என்றுகூட ஓரளவு ஊகிக்கலாம். பழகியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் மீன் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் திரை, ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. அடுத்த வாரம் வானிலை மாறி மீன் நகர்ந்தால், புதியவர் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும். இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது.

கிராப்பியின் வயிற்றில் ஒரு காற்றுப்பை உண்டு. சில மீன் இனங்களில் அந்தக் காற்றை வாய்வழியே வெளியேற்ற ஒரு குழாய் இருக்கும். கிராப்பிக்கு அது கிடையாது. 33 அடி ஆழத்தில் நீரின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து மீனை விறுவிறுவென்று மேலே இழுத்தால் பைக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், இரைப்பை வாய்க்கு வந்துவிடும். நீரில் திரும்ப விட்டாலும் பல மீன்கள் பிழைப்பதில்லை. சின்னது, வேண்டாம் என்று தூக்கிப் போடும் மீன் நம் கண்ணுக்குத் தெரியாமல் சாகிறது.

டெக்சாஸ் அரசு இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. மாநிலத்தின் பொது விதி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராப்பி, ஒவ்வொன்றும் குறைந்தது 10 அங்குலம் என்பது. லேக் ஃபோர்க்கில் பல ஆண்டுகளாக டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய வேறு விதி வைத்திருந்தார்கள். நீளக் கணக்கு இல்லை, பிடித்த எதையும் திருப்பி விடக் கூடாது, 25 ஆனதும் நிறுத்த வேண்டும். விதிகளோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். காரணம் இவ்வளவு தெளிவாக இருக்கும் விதிகள் குறைவு. போகும் முன் அந்த ஆண்டின் விதியையும், வெளியூர்க்காரருக்கான உரிமச் சீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

25 என்பது சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு. அத்தனையும் பிடித்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. 10 அங்குல மீன் சுமார் அரை பவுண்டு இருக்கும். நான்கு பேர் வீட்டுக்கு எட்டுப் பத்து மீன் தாராளம். குளிரில் மந்தமாகி, ஒரே மரத்தைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும் மீனைத் திரையில் பார்த்துக்கொண்டே பிடிக்கும்போது, எங்கே நிறுத்துவது என்று சொல்ல யாரும் இல்லை. எடுத்து விடுவதும் கணக்கில் வராத சாவுதான். ஆகவே புதியவர்களுக்கு என் யோசனை இது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். அது எட்டு என்றால், எட்டாவது மீன் வாளியில் விழுந்ததும் நரம்பைச் சுற்றிவிடுங்கள். கடி நன்றாக இருக்கும் நாளில் அது சுலபமில்லை, ஆனாலும் சுற்றிவிடுங்கள்.