ஓய்வு வேளை: பெயரில்லாப் பேஸ் கிதார்

பொங்கல் விழா மேடையிலே, இசைக்குழுவின் பின்வரிசையில், நாம் தாங்கி நின்ற அந்த நீண்ட வாத்தியம் யாது என்று அன்பர் பலர் வினவியுள்ளனர். அம்மையார் ஒருவர், "ஆறு தந்திக்கு வழியில்லாமல் நான்கோடு நிறுத்திவிட்டார்களா?" என்றே கேட்டுவிட்டார். ஆதலின் இம்மாத ஓய்வு வேளையை அவ்வாத்தியத்திற்கே ஒதுக்குகிறோம். சென்ற இதழில் வாக்களித்த ஊறுகாய்ச் சாடிப் பராமரிப்பு அடுத்த மாதம் வரும். அதற்காகக் காத்திருப்போர் பொறுத்தருள வேண்டும்.

அதன் பெயர் பேஸ் கிதார். சாதாரணக் கிதாரின் கனத்த நான்கு தந்திகள் எந்த ஸ்வரங்களைத் தருமோ, அவற்றையே ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தருவது இது. இதன் மிகக் கனத்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அந்த ஒலியைக் காதால் கேட்பதைவிட மார்பால் உணர்வதே மிகுதி. பாட்டுக் கேட்கையில் இதனை எவரும் தனியே கவனிப்பதில்லை. வாசிப்பவர் நடுவே நிறுத்திவிட்டாலோ, பாட்டு திடீரென்று இளைத்துவிட்டதை மண்டபம் முழுவதும் உணரும்.

முன்னாளில் மேல்நாட்டு இசைக்குழுக்களில் இவ்வேலையைச் செய்தது ஆளுயரமுள்ள டபிள் பேஸ். அதனைச் சுமந்து ஊர் ஊராகச் செல்வது பெரும்பாடு. பித்தளை வாத்தியங்களும் தோல் வாத்தியங்களும் முழங்குமிடத்தில் அதன் குரல் எடுபடாது. அதற்கு மெட்டுகளும் கிடையா. விரலை வைக்க வேண்டிய இடத்தைக் காதே சொல்ல வேண்டும். 1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பார், மெட்டுகளோடு கூடிய மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை. பின்னர் 1951-இல் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரிலிருந்து லியோ பெண்டர் என்பார் வெளியிட்ட வாத்தியமே உலகெங்கும் நிலைபெற்றது. வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகள், அவற்றின் எண்ணிக்கை மட்டும் 20, தந்தியின் நீளம் 34 அங்குலம், தோளில் வாரிட்டு மாட்டிக்கொண்டு நிற்கலாம். மெட்டு இருப்பதனால் ஸ்வரம் துல்லியமாக விழும் என்பதற்காகவே அதற்குப் 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயரிட்டார். 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிளந்து, ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்குமாறு அமைத்தார். இன்றளவும் அந்த அமைப்பே நடந்துவருகிறது. இத்தனைக்கும் பெண்டர் அவர்கள் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர்! வாசிக்கத் தெரிந்திருந்தால் பழைய வழக்கத்தை விட்டு இவ்வளவு தூரம் விலகியிருப்பாரா என்பது நம் ஐயம்.

இவ்வாத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் டெட்ராயிட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற இசைத்தட்டுகளில் ஒலிப்பது அவருடைய 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றே அவருக்குப் போதும். தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பர். ஆயினும் அந்த இசைத்தட்டு உறைகளில் நெடுநாள் அவர் பெயர் அச்சேறவில்லை. 1971-இல் மார்வின் கேயின் தொகுப்பொன்றில்தான் பெயர் குறிக்கப்பெற்றது. 1983-இல், 47 வயதில், அவர் மறைந்தார். அதற்குச் சற்று முன்னர்தான் அவருடைய வாத்தியமும் களவு போயிற்று.

இனி நம் வாத்தியத்திற்கு வருவோம். அது பெண்டரின் பிரிசிஷன் பேஸ் அன்று, அதன் நகல். 1970களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்க வாத்தியங்களைப் பார்த்துப் பார்த்து ஏராளமாகச் செய்து அனுப்பின. தொடக்கத்தில் உருவம் மட்டுமே ஒத்திருந்தது, உள்ளே ஒட்டுப்பலகை. பத்தாண்டு முடிவதற்குள் கைத்திறன் மிகவும் உயர்ந்துவிட்டது. மாட்சுமோட்டோ நகரின் பூஜிஜென், ஹமமாட்சு நகரின் டோக்காய் முதலிய தொழிற்சாலைகளின் வேலை இன்றும் மெச்சப்படுகிறது. அதே காலத்தில் அமெரிக்காவில் நிலைமை வேறு. 1965-இல் பெண்டர் தம் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்திற்கு 1 கோடி 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதன்பின் வேலைத்தரம் தளர்ந்தது என்பதே வாசிப்போர் பலரின் கருத்து. முடிவில் நடந்தது வேடிக்கை. நகலெடுப்போரை விரட்டுவதைக் காட்டிலும் கூட்டுச் சேர்வதே மேல் என்று கண்டு, 1982-இல் ஜப்பானிய வியாபாரிகளோடு இணைந்து பெண்டர் ஜப்பான் என்னும் கம்பெனி தோன்றியது. அதற்குக் கிதார் செய்து கொடுத்தது பூஜிஜென்!

வாங்க விழைவோர்க்கு ஒரு வார்த்தை. அக்கால நகல் எதனைக் கண்டாலும், "இது வழக்குக்கு உள்ளான சரக்கு" என்று சொல்லி விலையேற்றும் தரகர் உண்டு. நடந்தது ஒரே வழக்கு. 1977-இல் கிப்சனின் தாய்க்கம்பெனி, ஐபனீஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்கர் கம்பெனிமீது பிலடெல்பியாவில் தொடுத்தது அது. வழக்கின் பொருள் கிதாரின் தலைப்பகுதி வடிவம். 1978-இல் வெளியிலேயே சமரசமாயிற்று. பெண்டர் மாதிரி நகலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வழக்கின் பெயரால் ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்க வேண்டா.

நம் கைக்கு இது வந்தது 2016-இல். இவ்வூர் கரக்பூரில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர், ஆங்கிலோ இந்தியப் பெரியவர், பழைய நாளில் ரயில்வே இன்ஸ்டிடியூட் நடனங்களில் வாசித்தவர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியா புறப்படுகையில் ரூ. 9,000-க்குக் கொடுத்துச் சென்றார். கித்தர்பூர்த் துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் அவர் வாங்கியதாம். தலைப்பகுதியில் இருந்த பெயர் தேய்ந்து போயிருந்தது. எந்தக் கம்பெனியுடையது என்று அவருக்கும் நினைவில்லை. தண்டியை உடலோடு பிணைக்கும் இரும்புத் தகட்டில் 'மேட் இன் ஜப்பான்' என்ற எழுத்து மட்டும் உண்டு. திருகைக் கழற்றி உள்ளே நோக்கினால் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் தெரியும். ஆக, இது முற்பகுதிச் சரக்கு. உயர்ந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. உடல் கனம். ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் தோள் பார்சல் தூக்கிய தோள்போல் ஆகிவிடும். ஆயினும் மூன்றாம் தந்தியில், ஐந்தாம் மெட்டிலிருந்து ஏழாம் மெட்டு வரையில், ஒரு தடித்த இனிமை இருக்கிறது. கல்கத்தாவின் லால்பஜார்க் கடைகளில் புதிய பேஸ்கள் பலவற்றை மடியில் வைத்துப் பார்த்தோம். அந்த ஒலி அகப்படவில்லை.

வங்காளத்து மழைக்காலம் மர வாத்தியத்திற்குச் சத்துரு. ஆடி பிறந்ததும் தண்டி வளைந்து, தந்திகள் மேலெழும்பி, விரல் நோகும். தண்டியினுள்ளே நீள ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கி இதனைச் சரிசெய்ய வேண்டும். முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது மெட்டருகில் தந்திக்கும் மெட்டுக்கும் இடைவெளி பார்க்கவும். தடித்த காகிதம் ஒன்று நுழையுமளவு இருந்தால் போதும். திருகும்போது கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருகலாகாது. மரம் தன் முடிவைச் சொல்ல ஒரு நாளாவது ஆகும். பின்னர்க் குதிரையை முன்பின் நகர்த்தி, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஸ்வரமும், அதே இடத்தில் தொட்டும் தொடாமலும் எழுப்பிய ஸ்வரமும் ஒன்றாகுமாறு செய்ய வேண்டும். புதிய தந்திகள் விலை அதிகம். மந்தமான பழைய தந்தியைக் கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டுத் துடைத்து உலர்த்தினால், சில வாரத்திற்குப் பழைய தெளிவு மீளும். (ரசப் பாத்திரத்தை இதற்கு எடுக்கக் கூடாது என்பது நம் இல்லத்தரசியின் திருத்தம்.) வீட்டு வானொலிப் பெட்டியிலோ சிறிய ஒலிபெருக்கியிலோ இதனை இணைத்து உரக்க வாசித்தால் அதன் ஸ்பீக்கர் கிழிந்துபோகும், பேஸுக்கென்று உள்ள பெட்டிதான் தாங்கும்.

2023-ஆம் ஆண்டில் தந்தையாருக்கு இருதயச் சிகிச்சை நேர்ந்தது. பணமுடை. வாத்தியத்தை விற்க முடிவு செய்து, பழைய வாத்தியங்கள் வாங்கும் தரகர் ஒருவரை வரவழைத்தோம். அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்து, "இப்படியே என்றால் 15,000. நீங்கள் சம்மதித்தால் 60,000" என்றார். எதற்குச் சம்மதம்? தலைப்பகுதியில் பெண்டரின் பெயரை ஒட்டி, மேலே பழைய நிற மெருகு பூசி, பின்தகட்டையும் மாற்றிவிடுவாராம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பழைய அமெரிக்கச் சரக்குக்கு லட்சக்கணக்கில் கொடுப்பார்களாம். நாம் ஒன்றும் பொய் சொல்ல வேண்டியதில்லை. வாய் திறவாதிருந்தால் போதுமாம்.

தந்தையார் அப்போது மருத்துவமனையில் கிடந்தார். 60,000 அன்று சிறு தொகையன்று. அன்றிரவு நாம் உறங்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. நம் பிழைப்போ பார்சல் ஆபீசில். பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதுவே ரசீதிலும் எழுதப்பட வேண்டும் என்று நாள்தோறும் வியாபாரிகளோடு மல்லுக்கு நிற்பவர் நாம். அதே கையால் இதனைச் செய்ய மனம் இசையவில்லை. மற்றொன்றும் உண்டு. அதை வாங்கப்போகும் பையன் தன் தகப்பனாரின் பணத்தைக் கொட்டுவான். பிறகு ஒருநாள் திருகைக் கழற்றி ஒட்டுப்பலகையைக் காண்பான். அதன்பின் அந்த வாத்தியத்தின் ஒலி அவனுக்குப் பிடிக்குமா? நல்ல குரலொன்று அவன் காதில் செத்துப்போகும். மறுநாள் தரகரிடம் இல்லை என்று சொல்லி, சேமநல நிதியில் முன்பணம் எடுத்தோம். அதன் தவணை இப்போதுதான் தீர்ந்தது. நம்மைப் பைத்தியம் என்று கருதியவர் அலுவலகத்தில் இருவர். தந்தையார் நலமே; விவரம் கேட்டுச் சிரித்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

நம் பாட்டுகளில் பேஸ் எங்கே என்று கேட்பவர், இளையராஜா அவர்களின் பாட்டுகளைச் செவிக்குழலில் ஒருமுறை கேட்க வேண்டும். 1976-இல் அவர் திரைக்கு வந்த பிறகு, பேஸ் வெறும் அடித்தளமாக நில்லாமல், பாடகருக்குப் பக்கத்திலே தனி வழியாக நடந்து செல்வதைக் காணலாம். அவர் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரஹ்மான் அவர்களின் பாட்டுகளில் வாசித்தவருள் கீத் பீட்டர்ஸ் குறிப்பிடத்தக்கவர். பாடியவர் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நம் வீடுகளில் இவ்விருவர் பெயரையும் அறிந்தோர் எத்தனை பேர்?

சனிக்கிழமைதோறும் மூன்றாவது பிளாக்கிலிருந்து பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கற்றுக்கொள்ள வருகிறான். முதல் நாளே, "மாமா, இது என்ன பிராண்டு?" என்று கேட்டான். தெரியாது என்றோம். முகம் சற்று வாடியது. இப்போது கனத்த தந்தியில் நான்கு ஸ்வரத்தைத் தாளம் பிசகாமல் கால் மணி நேரம் வாசிக்கிறான். அது எளிதன்று, முயன்று பார்த்தவர் அறிவர். பிராண்டைப்பற்றிப் பேச்சில்லை. அவன் கை சிறிது. முதல் மெட்டுக்கு எட்டாமல் ஐந்தாம் மெட்டருகில் தொடங்கியிருக்கிறோம்.

கேட்க விரும்பும் அன்பர் ஞாயிறு மாலை 4 மணிக்குமேல் குவார்ட்டர்ஸுக்கு வரலாம். அடுத்த வீட்டுக்காரர் இரவு ட்யூட்டி முடித்து உறங்கும் நாளாயின் ஒலிப்பெட்டி இன்றியே வாசிப்போம். அருகில் அமர்ந்தால் அதுவும் கேட்கும்.